புதுப்பிப்பு: கல்தோட்டத்தில் அழுகிய ஐபெரிஸ்

போன ஏப்ரலில் இங்கே புலம்பியிருந்தேன்: டொரொண்டோ வீட்டு வாசல் கல்தோட்டத்தில் வைத்த ஆறு ஐபெரிஸில் (தரையோடு படர்ந்து வெள்ளையாகப் பூக்கும் குட்டைச் செடி) நாலு, பனி கரைந்ததும் கறுத்துப்போயின என்று. குளிர்தான் கொன்றது என்று நினைத்தேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் கொழகொழவென்று விரலோடு வந்தது. களிமண்ணில் தேங்கிய தண்ணீர்தான் வினை.

ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி, பாதிக்குப் பாதி பெருமணலும் பொடிக்கல்லும் கலந்தேன். கற்களை மூன்றில் ஒரு பங்கு புதைத்து, பின்பக்கம் லேசாகச் சாய்த்தேன். செடியின் கழுத்தை, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தை, சுற்றிச் சரளை. (இடுப்பு இன்னும் வலிக்கிறது.)

புதிதாக வைத்த நாலும் பழைய இரண்டும் குளிர்காலம் முழுக்கப் பச்சையாகவே இருந்தன. இந்த மே மாதம் இலையே தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ! பக்கத்தில் வைத்த பாசி ஃபிளாக்ஸ் என்ற படரும் செடியும், அது வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துச் செடிதான், கல்மேல் இளஞ்சிவப்பாக வழிகிறது.

உரம் என்ன என்று கேட்டவருக்கு: ஒன்றுமில்லை. பூ உதிர்ந்ததும் ஐபெரிஸை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்தேன். விட்டால் நடுவில் வழுக்கை விழும்.

நடைபாதை ஓரத்துச் செடி மட்டும் ஒருபக்கம் பழுப்பு. பனிக்குத் தூவும் உப்பின் வேலை என்றே சந்தேகம். செப்டம்பரில் அதைக் கல்தோட்டத்தின் மேல்பகுதிக்கு மாற்றப் போகிறேன்.