நான்கே டியூப்பில் ஓர் ஊரின் நிறம்: அனுபவப் பகிர்வு

கடற்கரைச் சாலை, புதுச்சேரி:

குறைந்த டியூப்களை வைத்துக்கொண்டு நிறம் கலந்தபோது உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். படம், சுவர், துணி எதுவானாலும் சரி. நான் தொடங்கி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி வீதிகளில் உட்கார்ந்து வரையும் எங்கள் சிறு கூட்டத்தில் கொஞ்ச காலமாக ஒரு கட்டுப்பாடு. வெள்ளை, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், வெர்மிலியன் என்ற சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு; இவற்றைத் தவிர வேறு டியூப் பையில் இருக்கக் கூடாது. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரைச் சொல்லிப் புழங்கும் வண்ணத் தட்டு இது. அவரே அவ்வப்போது வேறு நிறங்களைத் தொட்டிருக்கிறார் என்பது வேறு விஷயம். சீடர்கள்தான் குருவைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள். அவர் காலத்து ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளை, பாதரச வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் சிவப்பு என்று நாங்கள் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

விடியற்காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சுண்டல் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் தட்டை எட்டிப் பார்த்தார். "நீலமே இல்லையே தம்பி, கடலை எதை வைத்து வரைவாய்?" என்றார். ஐவரி பிளாக்கையும் வெள்ளையையும் குழைத்து ஒரு பட்டை இழுத்தேன். வெறும் சாம்பல். அதன் மேல் விளிம்பை ஒட்டி ஓக்கரும் சிவப்பும் கலந்த மங்கிய ஆரஞ்சில் வானத்தைத் தீட்டியதும் அதே சாம்பல் நீலமாகத் தெரியத் தொடங்கியது. ஐவரி பிளாக் இயல்பிலேயே நீலம் பக்கம் சாயும்; பக்கத்தில் சூடான நிறம் வந்தால் அந்தச் சாய்வு வெளியே தெரியும். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "சாமர்த்தியம்தான். வெயில் ஏறட்டும், உன் கடல் வேறு, என் கடல் வேறு ஆகிவிடும்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அவர் சொன்னது முழு உண்மை. பத்து மணிக்கு வங்காள விரிகுடா பசுநீலமாகிவிடும். அந்த நிறம் இந்த நான்கில் எந்த ஜென்மத்திலும் வராது. ஆனால் வேறு சில காரியங்களுக்கு இதை அடித்துக்கொள்ள முடியாது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களையும், சற்றுத் தள்ளி 1836இல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு சாம்பல் தேவை. தூணுக்குக் கறுப்பும் வெள்ளையும். கலங்கரை விளக்கத்தின் நிழல் பக்கத்துக்கு அதே கலவையில் ஓக்கர் ஒரு துளி, சிவப்பு அதைவிடக் குறைவு. அந்தத் துளியில்தான் கல் வேறு, சுண்ணாம்பு வேறு என்று கண்ணுக்குப் பிடிபடுகிறது.

ரோமேன் ரோலண்ட் வீதியின் மஞ்சள் சுவர்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெயில் படும் இடம் எளிது: ஓக்கர், வெள்ளை, சிவப்பு லேசாக. நிழல் விழுந்த இடத்தை இருட்டாக்க ஓக்கரில் கறுப்பைச் சேர்த்தால் இருண்ட மஞ்சள் வராது, பாசிப் பச்சைதான் வரும். அந்தப் பச்சையை எடுத்து வேப்பமரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அருமையாக இருக்கும். சுவருக்கு முதலில் சிவப்பைக் கூட்டிவிட்டு, அதன் பிறகு கறுப்பைத் தொட வேண்டும்.

காகிதப் பூவை மட்டும் இந்தத் தட்டோடு யாரும் நெருங்க வேண்டாம்.

கேப்பர் மலை, கடலூர்:

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளின் வண்ண வில்லைப் பெட்டியில் முதலில் தீர்வது பச்சை. தென்னை, வாழை, வேம்பு, சவுக்கு எல்லாமே அந்த ஒரே பச்சையில்தான் நிற்கும். ஒருநாள் எல்லாருடைய பச்சை வில்லையையும் கறுப்பு வில்லையையும் வாங்கி மேசையில் பூட்டிவிட்டேன். வகுப்பில் ஒரே புலம்பல். என் கைக்காசில் வாங்கிய டியூப்களைக் குழுவுக்கு ஒரு தட்டாகப் பிழிந்து கொடுத்தேன். மஞ்சளில் இரண்டு, லெமனும் கேம்போஜும். நீலத்தில் இரண்டு, அல்ட்ராமரைனும் பிரஷ்யன் ப்ளூவும். சிவப்பில் வெர்மிலியனும் கிரிம்சனும். கூடவே பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு.

கத்தரிக்காய் வரையச் சொல்லியிருந்தேன். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று சொன்னீர்கள். எனக்குப் புளி வந்திருக்கிறது." பார்த்தேன், பழைய புளியேதான். அவன் எடுத்திருந்தது வெர்மிலியன். அதற்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. அல்ட்ராமரைனோடு சேர்ந்ததும் மூன்று அடிப்படை நிறங்களும் ஒன்றாகிப் பழுப்பாகிவிட்டன. கிரிம்சனில் அந்த மஞ்சள் இல்லை, அது நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பு. அதை எடுத்துக் கலந்து காட்டியதும் கத்தரிக்காய் பளபளவென்று வந்தது. பையன் விடவில்லை. "அப்படியென்றால் நீலத்திலும் ஒளிந்திருக்குமா, சார்?" என்றான். எத்தனையோ ஆண்டு பாடம் நடத்தியும் எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அன்றைய வகுப்பு முழுவதும் அவன் கேள்விக்கே போனது.

நீலத்திலும் ஒளிந்திருக்கிறது. பிரஷ்யன் ப்ளூ பச்சைப் பக்கம் சாயும். அதோடு லெமனைச் சேர்த்தால் நாற்றங்காலின் கூரிய இளம்பச்சை. அல்ட்ராமரைனில் சிவப்புச் சாயல். அதோடு கேம்போஜைச் சேர்த்தால் முற்றிய மாவிலை. அதில் சியன்னாவைக் கொஞ்சம் விட்டால் சவுக்குத் தோப்பு. பிச்சாவரத்துக்குக் கூட்டிப் போனபோது சுரபுன்னை இலையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனிப் பச்சை கலந்த பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பூட்டிய வில்லைகளை ஆண்டுக் கடைசியில் திருப்பிக் கொடுத்தேன். சிலர் கேட்டு வாங்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பிரஷ்யன் ப்ளூவைத் தீக்குச்சி முனையளவுதான் தொட வேண்டும். மஞ்சளில் நீலத்தை விடுங்கள். நீலத்தில் மஞ்சளை விட்டால் ஒரு டியூப் மஞ்சள் போனாலும் நீலம் அசையாது.

நெல்லித்தோப்பு:

எல்லாம் சரி. கடையில் பச்சை டியூப் மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தத் தவம்? எனக்கு வரையவே வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அதைக் கலக்குவதிலேயே போக்கவா?

கடற்கரைச் சாலை, புதுச்சேரி:

நெல்லித்தோப்பு நண்பருக்கு: ஒரு மணி நேரம்தான் என்றால் நான்கு டியூப்தான் உங்களுக்குச் சரி. இருபத்துநான்கு இருந்தால் எதை எடுப்பது என்பதிலேயே பாதி நேரம் ஓடிவிடும். படத்தில் எல்லா நிறமும் அந்த நான்கிலிருந்தே வருவதால் ஒன்றோடொன்று சண்டை போடாது. இது என் கருத்து. பச்சை டியூப் வாங்கினால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

முத்தியால்பேட்டை:

நான் சுவருக்கு வண்ணம் அடிப்பவன். உங்களுக்குப் பேலட் என்றால் எனக்குப் பக்கெட். மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு, நீலம் என்று நிறம் ஏற்றும் ஸ்டெயினர் பாட்டில் நான்கைந்துதான் கையில் இருக்கும். பழைய வீடுகளின் மஞ்சளுக்கு வெள்ளையில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு சொட்டுக் கணக்கில். வீட்டுக்காரர்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி இதே நிறம் வேண்டும் என்பார்கள். கைபேசி மஞ்சள் வேறு, வெயில் மஞ்சள் வேறு. சுவரிலேயே முழச் சதுரத்துக்கு அடித்துக் காட்டி, ஒரு நாள் காய விட்ட பிறகுதான் பேச்சு. சுண்ணாம்பு ஈரத்தில் அழுத்தமாகத் தெரிந்து காய்ந்ததும் வெளுத்துவிடும். எமல்ஷன் நேர்மாறு, காய்ந்தால் ஒரு படி கூடும். இதை அறியாமல் ஈரத்தில் ஒப்பிட்டுக் கலப்பவன் கலந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவர் உள்முற்றச் சுவருக்கு, தன் தாத்தா காலத்து இளநீலம் வேண்டும் என்றார். பழைய நிறம் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு மிச்சமிருந்தது. அதுவும் சுண்ணாம்பு, இதுவும் சுண்ணாம்பாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம். எனக்கு முன்னால் வந்த ஒரு பையன் ஓவியக் கடையிலிருந்து பிரஷ்யன் ப்ளூ வாங்கிச் சுண்ணாம்பில் கலந்து அடித்துவிட்டுப் போயிருந்தான். அடித்தபோது பிரமாதமாக இருந்ததாம். பிறகு நீலம் செத்துத் துருப்பிடித்த பழுப்பு வழிந்திருந்தது. சுண்ணாம்பின் காரம் பிரஷ்யன் ப்ளூவைச் சிதைத்து அதில் உள்ள இரும்பைத் துருவாக்கிவிடும். அந்தச் சுவரை முழுக்கச் சுரண்டி எடுத்தோம்.

நான் வாங்கி வரச் சொன்னது துணிக்குப் போடும் நீலப் பொடி. சொட்டு நீலம் இல்லை, பொடி. பழைய காலப் பொடி நீலம் என்பது அல்ட்ராமரைன்தான். சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். அதற்கு எமன் அமிலம், அதை முற்றத்தில் யார் ஊற்றப் போகிறார்கள்? கரைத்து வடிகட்டி, துளி கறுப்பு விட்டுப் பளபளப்பைக் கொன்று, கதவுக்குப் பின்னால் ஒட்டிப் பார்த்தோம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் அழுக்கு வேண்டும்" என்றார். அழுக்கு என்றால் மஞ்சள் ஆக்சைடு. விரல் நுனியில் எடுத்து விட்டேன். சரி என்றார்.

இப்போது கடையில் இயந்திரம் எண்ணைத் தட்டினால் நிறம் கொட்டுகிறது. புதுச் சுவருக்கு அது போதும். வெயிலில் வெளுத்த சுவரில் ஒட்டுப் போடும்போது அந்த எண் உதவாது, அங்கே கைதான்.

அவுரி, குறிஞ்சிப்பாடி:

சாயத்தொட்டியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இயற்கைச் சாயம் போடும் ஒரு பட்டறையில் சில காலம் வேலை கற்றேன். அங்கே மொத்தம் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றுதான். அவுரி, இம்பூறல் வேர், கடுக்காய். பச்சைக்குத் தனித் தொட்டி கிடையாது. துணியை முதலில் அவுரியில் முக்கி எடுக்க வேண்டும். வெளியே வரும்போது அது நீலமாக இருக்காது, மஞ்சள் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் விளிம்பிலிருந்து நீலம் ஏறும். கண் முன்னால் நடந்தாலும் ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன். அந்த நீலத்தின் மேல் கடுக்காய் மஞ்சளை ஏற்றினால் பச்சை. கடுக்காயோடு இரும்புக் கரைசல் சேர்ந்தால் கறுப்பு. நீங்கள் தட்டில் கலக்கிறீர்கள், நாங்கள் துணியின் மேல் அடுக்குகிறோம். நீர்வண்ணக்காரர்கள் ஒரு மெல்லிய பூச்சு காய்ந்த பின் அடுத்ததைப் பூசுவதும் இதே வேலைதான்.

இந்த நீலத்துக்கும் உங்கள் வண்ணப் பெட்டிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயமிட்ட நீலத் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே அந்தத் துணிக்கு மாற்றாக வாங்கிய சரக்குகளில் முக்கியமானது கருவேல இனத்து மரத்தின் பிசின். நீர்வண்ணத்தைக் காகிதத்தில் ஒட்ட வைப்பதும் அந்தப் பிசின்தான்.

நெல்லித்தோப்பு:

சரி, சரி, நான்கு டியூப் வாங்கிவிட்டேன். பாரதி பூங்காவில் காகிதப் பூ தலைக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது. அதற்கு என்ன வழி?

கேப்பர் மலை, கடலூர்:

ஐந்தாவது டியூப்தான் வழி. ஆனால் அலிசரின் கிரிம்சன் வாங்காதீர்கள். நம் வெயிலில் சுவரில் மாட்டினால் மெல்ல வெளுத்துவிடும். குவினாக்ரிடோன் மெஜந்தா என்று லேபிளில் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பூவின் வெயில் பக்கத்தில் அதைத் தண்ணீர் விட்டு அப்படியே வையுங்கள், நிழல் பக்கத்தில் ஐவரி பிளாக் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். வெர்மிலியன் படிந்த தூரிகையை மட்டும் கழுவாமல் அதில் வைக்காதீர்கள். பழையபடி புளிதான் வரும்.