நோயாளிக்குப் புரியும்படி சொல்ல நர்ஸ்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது? அரை நாள்தான் கிடைத்திருக்கிறது

வட்டார_டாக்டர்:
வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் எங்கள் ஸ்டாஃப் நர்ஸ்கள், கிராம சுகாதார செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு அரை நாள் பயிற்சி. நோயையும் மருந்தையும் பற்றி நோயாளிக்குப் புரியும்படி பேசுவது எப்படி என்பதுதான் தலைப்பு, பொறுப்பு என்னுடையது.

இதற்கு முன் இப்படி நடந்த பயிற்சிகளில் "எளிமையாகப் பேசுங்கள், பொறுமையாகப் பேசுங்கள்" என்று ஸ்லைடு ஓடும், எல்லாரும் தலையாட்டுவார்கள், மறுநாள் ஓபியில் எல்லாம் பழையபடிதான் நடக்கும். பிரஷர் மாத்திரையைத் தலைவலி வருகிற நாளில் மட்டும் போடுகிறவர்கள், சுகர் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் வாரா வாரம் வருகிறார்கள். கேட்டால் "யாரும் சொல்லலீங்களே" என்கிறார்கள். நர்ஸிடம் கேட்டால் "நான் சொன்னேனே டாக்டர்" என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கையில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் எதைச் செய்ய வைத்தால் உண்மையிலேயே பழக்கம் மாறும்? "இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கு சார்" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது?

சிஸ்டர்_மதுரை:
டாக்டர், ஸ்லைடை விட்டுவிடுங்கள். நான் நர்சிங் மாணவிகளுக்கு டீச் பேக், அதாவது நாம் சொன்னதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன், அது கேட்டு வருவதில்லை, வாயால் சொல்லிப் பழகினால்தான் வருகிறது. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அப்படிச் சொல்வதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பின்னால் வரிசை வேறு நிற்கிறது. அதனால் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு, "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். சரியாகச் சொன்னேனா என்ற பொறுப்பை நம் மேல் வைத்துக் கேட்டால்தான் அவர்கள் பரீட்சை மாதிரி பயப்படாமல் பேசுவார்கள். பதில் தவறாக வந்தால் அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லக் கூடாது, வேறு விதமாகச் சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

கையால் செய்கிற விஷயம் என்றால் வாயால் சொல்வதும் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கடையில் 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுக்கிறவருக்கு உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் ஏன் இறங்கவில்லை என்று எல்லாரும் டோஸைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். நோயாளி நம் எதிரில் ஒரு தடவை இழுத்துக் காட்டினால் அங்கேயே தெரிந்துவிடும். ஓஆர்எஸ்ஸும் அப்படித்தான். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்குகிற வீடுகள் நிறைய. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் பாக்கெட்டையும் மேசையில் வைத்துத் தன்னார்வலர்களையே முதலில் கலக்கச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர்_ஈரோடு:
சிஸ்டர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன் சார். உங்கள் பக்கம் பனியன் கம்பெனி, மில் ஆட்கள் அதிகம். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குப் படுக்கிறவரிடம் 1-0-1 என்று எழுதிக்கொடுத்தால் அவருக்கு எது காலை, எது ராத்திரி? "எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, எப்ப சாப்பிடுவீங்க" என்று கேட்டுவிட்டு அந்தச் சாப்பாட்டோடு மாத்திரையைச் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். அப்புறம், ஸ்டிரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது பேரும் தேதியும் இருக்கிற பக்கம் போய்விடுகிறது. கவரில் எழுதாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்பதைப் பயிற்சியிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தனியாகவே எடுத்துப் பேசுங்கள். வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மாத்திரை அது, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. "வாரம் ஒரு முறை" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல் "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைச் சொல்லி, எழுதி, "எந்தக் கிழமை போடுவீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்த ஒரு மருந்துக்காவது டீச் பேக் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

அம்மாவின்_மகள்:
நான் மருத்துவத் துறை இல்லை, அம்மாவுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைகிற ஆள். டிஸ்சார்ஜ் அன்று எல்லா விவரத்தையும் பில் கட்ட வந்த என் சித்தப்பாவிடம்தான் சொன்னார்கள், ஆம்பளை என்பதாலோ என்னவோ. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். "வீட்டுல மருந்து யாரு எடுத்துக் குடுப்பா?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள் டாக்டர், நல்லா இருப்பீங்க. என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லவும் பழக்குங்கள். என் தங்கை கர்ப்பமாக இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிட்டாள். கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

வட்டார_டாக்டர்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவின்_மகள் அவர்களே, மருந்து யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி என் பட்டியலிலேயே இல்லை, அதைத்தான் முதல் பயிற்சியாக வைக்கப் போகிறேன். நேரம் பற்றி யாராவது சொல்லுங்களேன். காலையில் ஓபி கூட்டத்தைப் பார்த்தால் நர்ஸ்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

பொதுமருத்துவம்_சென்னை:
டீன் ஷில்லிங்கர் குழு 2003-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியிட்டது, சுகர் நோயாளிகளும் டாக்டர்களும் பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். 61 சந்திப்புகளில் 12-ல் மட்டும்தான் டாக்டர் சொன்னதை நோயாளி புரிந்துகொண்டாரா என்று சோதித்திருக்கிறார். அப்படிச் சோதித்த சந்திப்புகள் மற்றவற்றைவிட நீளமாக இல்லை. அங்கே ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் வேறு, நம் ஓபி வேறு, அதனால் இதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இருந்தாலும் நான் சொல்வது, பத்து விஷயம் சொல்வதை நிறுத்திவிட்டு இன்றைக்கு இரண்டே விஷயம் சொல்லட்டும், அந்த இரண்டையும் திருப்பிக் கேட்கட்டும். மிச்சத்தை மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போகிற தன்னார்வலர் அடுத்த தடவை சொல்லலாம். எல்லாருக்கும் முடியாவிட்டால் இன்சுலின், இன்ஹேலர், டிபி மருந்து, புதிதாகத் தொடங்குகிற எந்த மாத்திரையானாலும், அதை வாங்குகிறவர்களை மட்டுமாவது விடாதீர்கள்.

சிஸ்டர்_மதுரை:
ஆமாம், அதுதான் நடக்கிற வழி. ரோல் பிளேயில் நர்ஸ்களே நோயாளியாக நடித்தால் பாதி பதில் அவர்களுக்கே தெரிந்திருக்கும், அதனால் உங்கள் சுகர் கிளினிக்குக்கு வருகிற இரண்டு மூன்று பெரியவர்களைக் கேட்டு, சம்மதித்தால் அழைத்து வந்து உட்கார வையுங்கள். ஒரு மாதம் கழித்து நீங்களே ஓபி வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் கையில் இருக்கிற கவரைக் காட்டி "இதை எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு முன்னாலும் ஒரு நாள் அதையே கேட்டுக் குறித்து வையுங்கள் டாக்டர், இல்லாவிட்டால் என்ன மாறியது என்று தெரியாது.