குளிரவைத்தால் அலனைன் டி1 இறங்கி மறுபடி ஏறுகிறது: கருவிக் கோளாறா?

படிகமாணவி:
வணக்கம். எல்-அலனைன் என்ற அமினோ அமிலத்தின் படிகத் தூளில் புரோட்டான் (ஹைட்ரஜன் அணுக்கரு) என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) தளர்வு நேரத்தை (டி1, அதாவது குலைத்துவிட்ட புரோட்டான்கள் சமநிலைக்குத் திரும்ப ஆகும் நேரம்) 60 மெகாஹெர்ட்ஸில் அளக்கிறேன். அறை வெப்பநிலையிலிருந்து குளிரவைத்தால் டி1 முதலில் இறங்குகிறது, அப்புறம் திரும்பி ஏறுகிறது. குளிரக் குளிர அசைவு குறையும் என்றால் டி1 ஒரே பக்கமாகத்தானே போக வேண்டும்? டி1-இன் மடக்கையை 1/வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், சூடாக்கும் பக்கத்திலும் கோடு நேராக இல்லை, வளைகிறது. எக்ஸ் கதிர் ஆய்விலோ ஹைட்ரஜன்கள் இடம் மாறியதாகவே தெரியவில்லை. வெப்பநிலைக் கட்டுப்பாடு கெட்டுவிட்டதா, தூளில் அசுத்தமா?

சுழல்காந்தம்:
கருவியைத் திட்டாதீர்கள், அது சரியாகத்தான் சொல்கிறது. அலனைனில் உள்ள மெத்தில் தொகுதி (சி.எச்.3) 120 பாகை, 120 பாகையாகத் தாவிச் சுழல்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் மூன்று ஹைட்ரஜன்களும் பழைய மூன்று இடங்களிலேயே நிற்பதால் எக்ஸ் கதிருக்கு வித்தியாசம் தெரியாது. தாவும் வேகம் கருவியின் அதிர்வெண்ணுக்கு அருகில் வரும்போதுதான் தளர்வு மிக வேகமாக நடக்கும், டி1 அடிமட்டத்தைத் தொடும். அதைவிட வேகமாகத் தாவினாலும் சரி, மெதுவாகத் தாவினாலும் சரி, டி1 நீளும்.

சூடான பக்கத்து வளைவுக்குக் காரணம் என்.எச்.3 தொகுதி. அதுவும் அப்படியே தாவுகிறது, ஆனால் ஹைட்ரஜன் பிணைப்புகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மெத்திலுக்குக் கிளர்வு ஆற்றல் (தாவுவதற்குத் தாண்ட வேண்டிய தடை) சுமார் 22 கிலோஜூல்/மோல், இதற்கு 39 அளவில். கணக்குப் போட்டால், 300 கெல்வினிலிருந்து 200 கெல்வினுக்கு இறங்கும்போது மெத்தில் ஏறக்குறைய 80 மடங்கு மெதுவாகும், என்.எச்.3 சுமார் 2500 மடங்கு! அதனால் அதன் அடிமட்டம் அறை வெப்பநிலைக்கு வெகு மேலே இருக்கும். நீங்கள் பார்ப்பது அதன் தொடக்கம்.

நம்பிக்கை வராவிட்டால் அதிர்வெண் கூடிய வேறொரு கருவியில் அளந்து பாருங்கள். அடிமட்டம் சூடான பக்கமாக நகர வேண்டும்.

குளிர்நைட்ரஜன்:
இன்னொரு வழி: கனநீரில் (சாதா ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்) கரைத்து மறுபடி படிகமாக்குங்கள். என்.எச்.3-இன் ஹைட்ரஜன்கள் டியூட்டீரியமாகிவிடும், மெத்தில் மாறாது. வளைவு போய்விட்டால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். மெத்திலே இல்லாத கிளைசினையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அசுத்தம் பற்றிக் கேட்டீர்களே, தாமிரம், மாங்கனீசு அயனிகள் துளி கலந்திருந்தால்கூடக் குளிர்ப் பக்கத்தில் டி1 ஏற வேண்டிய அளவு ஏறாமல் தட்டையாக நிற்கும். உங்களுக்கு ஏறுகிறது என்பதால் அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

படிகமாணவி:
கனநீர் மாதிரி வந்துவிட்டது. சூடான பக்கம் இப்போது நேர்கோடு, நன்றி! குளிர்ப் பக்கத்து அடிமட்டமும் அதே வெப்பநிலையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் டி1 முன்பைவிட ஏறத்தாழ பாதியாகிவிட்டது. மெத்திலை நாம் தொடவே இல்லையே?

சுழல்காந்தம்:
தொடவில்லைதான். ஆனால் மற்ற புரோட்டான்களும் சுழல் விரவல் (பக்கத்துப் புரோட்டான்களுக்குள் ஆற்றல் கைமாறிப் பரவுவது) வழியாகத் தங்கள் ஆற்றலை மெத்தில் மூலமாகத்தான் வெளியேற்றுகின்றன. முன்பு மூலக்கூறுக்கு 7 புரோட்டான்கள், இப்போது 4. மூன்று மெத்தில் புரோட்டான்கள் மேல் சுமை குறைந்ததால் டி1 முன்பிருந்ததில் 4/7 ஆக வேண்டும், அதாவது 0.57. உங்கள் எண் அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். குளிர்ப் பக்கம் போகும்போது காந்தமாக்கத்தைத் தலைகீழாக்கி அது மீள்வதைப் பார்க்கும் முறையில் அளந்தால் ஒவ்வொரு முறைக்கும் டி1-ஐப் போல 5 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். காந்தமாக்கத்தை முதலில் சுழியாக்கிவிட்டு மீள்வதைப் பார்க்கும் ‘நிறைவாக்கி மீட்கும்’ முறைக்கு மாறினால் அந்தக் காத்திருப்பு இல்லை.