புதுப்பிப்பு: இரவு சாட்டிங்கும் ஞாயிறு சந்திப்பும், எனக்குச் சரிவந்த வழி

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு என் கேள்வி இதுதான்: எனக்கு ஹட்டனில் வேலை, என் காதலி பண்டாரவளையில், இரவு ஒரு மணிவரை அவளோடு சாட் செய்துவிட்டு ஞாயிறு காலை பஸ்ஸைப் பிடிக்க எழும்ப முடியவில்லை, சந்திப்பே தள்ளிப்போகிறது, என்ன செய்யலாம்?

கைகொடுத்தது ஒரு அக்கா சொன்ன யோசனை. மனவுறுதியை மட்டும் நம்பாமல் "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்பே எழுதி வைக்கச் சொன்னார். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையிலும் இதுதான் இருக்கிறது. நேரமும் இடமும் முதலே முடிவாகிவிட்டால் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நான் எழுதியது: "பத்து மணியானால் போனைக் குசினியில் தேயிலை டின்னுக்குப் பக்கத்தில் சார்ஜில் போடுவேன்." எங்கள் லயத்து வீட்டில் குசினிக் கதவைத் தொட்டாலே கிறீச்சென்று சத்தம் வரும், அம்மா எழும்பிவிடுவார், அதனால் நடுராத்திரியில் எடுக்கப் போக மனமே வராது.

ஆப் லாக் உதவவில்லை, பாஸ்வேர்ட் என்னிடம்தானே இருக்கிறது.

எதிர்பாராத விஷயம், சாட் குறைந்ததும் அவள் கோபிப்பாள் என்று பயந்தேன், ஆனால் அவள் வாரக் கதையெல்லாம் சேர்த்துவைத்து நுவரெலியா விக்டோரியா பூங்காவில் நேரிலேயே சொல்கிறாள், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். செய்து பார்ப்பவர்கள் உங்கள் ஆளிடம் முதலே சொல்லிவிடுங்கள், பதில் வராவிட்டால் அவர்கள் வேறு மாதிரி நினைத்துவிடுவார்கள்.