பியர்-டு-பியருக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

லாஸ்பேட்டையிலிருந்து:
வணக்கம். பெற்றோர் கூட்டத்துக்காக வீட்டுக் கணினிப் பாதுகாப்பு பற்றித் துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கணினிக்குக் கணினி நேரே கோப்புகளைக் கொடுத்து வாங்கும் பியர்-டு-பியர் கோப்புப் பகிர்வுக்கு ஒரு தமிழ்ச் சொல் தாருங்கள். சென்ற வாரம் மாணவி ஒருத்தியின் வீட்டில், பாட்டு இறக்க அவள் அண்ணன் நிறுவியிருந்த மென்பொருளைத் திறந்து பார்த்தேன். 'ஆவணங்கள்' என்ற கோப்புறை முழுவதுமே பிறருக்குப் பகிரும் கோப்புறையாகக் குறிக்கப்பட்டிருந்தது. ரேஷன் அட்டை, பாட்டியின் ஓய்வூதியப் புத்தகம், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், எல்லாம் உள்ளே கிடந்தன. அந்த மாணவியின் தாய்க்குப் புரியும் சொல்தான் எனக்கு வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
அம்மா, 'நிகரிடைப் பகிர்வு' என்று போடுங்கள். பியர் என்பதன் லத்தீன் வேருக்குச் சமம் என்று பொருள். வழங்கி (சர்வர்), பயனர் என்ற ஏற்றத்தாழ்வு இதில் இல்லை. ஒவ்வொரு கணினியும் கொடுக்கும், வாங்கும். நிகர் என்பதே நேரான சொல்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஐயா, 'இடை' என்றதும் இடைத்தரகர்தான் நினைவுக்கு வருகிறார். இதில் இல்லாதவரே அவர்தானே! 1999இல் வந்த பாட்டுப் பகிர்வு மென்பொருளான நாப்ஸ்டரில்கூடப் பட்டியல் மட்டுமே நடு சர்வரில் இருந்தது. பாட்டு வீட்டிலிருந்து வீட்டுக்கு நேரே போனது. வங்கிக்குப் போகாமல் ஆளிடம் ஆள் வாங்குவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கைமாற்று. 'கைமாற்றுப் பகிர்வு' என்றால் வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மாவுக்கும் விளங்கும். பிரெஞ்சில் இதைப் 'பேர் ஆ பேர்' என்பார்கள். நாலு பேர், பத்துப் பேர் என்று நாம் எண்ணும் பேரும் அதே ஒலி. வேர் வேறுதான், 'பேருக்குப் பேர்' என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
பேர் என்பது பெயரின் மரூஉ, கலைச்சொல்லுக்கு ஆகாது. கைமாற்று என்றால் ஒப்புரவறிதலின் முதல் குறளுக்குப் போக வேண்டும்: 'கைம்மாறு வேண்டா கடப்பாடு'. மாரி, அதாவது மழை, கைம்மாறு கேட்பதில்லை. 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை கேட்கிறது. தனக்குக் கொடுப்பவருக்கே முன்னுரிமை தருகிறது. இறக்கி முடித்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருப்பவரை 'மாரியர்' என்றே அழைக்கலாம். கொடாதவர் 'ஈயார்'.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
கணினி பழுது பார்ப்பவன் சொல்கிறேன். கைமாற்று முகம் தெரிந்தவரிடம் வாங்குவது. இங்கே கொடுப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரியோ அத்தனை பேருக்கும் தெரியும். துண்டு துண்டாக வரும் கோப்பின் ஒவ்வொரு துண்டையும் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி, சரிபார்க்கிறதே என்று பையன்கள் வாதிடுகிறார்கள். ஏற்றியவர் வைரஸ் போன்ற நஞ்சைக் கலந்திருந்தால் அந்த நஞ்சும் மாறாமல் வந்து சேரும். ஹாஷ் அதற்குத்தான் சான்று. பாட்டின் பெயருக்குப் பின்னால் எக்ஸ்இ என்ற, இயங்கும் நிரலைக் குறிக்கும் பின்னொட்டு ஒளிந்திருக்கும். நாம் மாற்றி அமைக்காதவரை விண்டோஸ் அதைக் காட்டாது. எச்சரிக்கைத் தாளில் நம்பிக்கை தொனிக்கும் சொல்லைப் போடலாமா? 'அயலார் பகிர்வு' என்பேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
அயலார் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்றுதான் எங்கள் தெருவில் எடுத்துக்கொள்வார்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:
இனி நேரமில்லை. தனி மடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் கைமாற்று என்றார்கள், அதையே கொடுக்கிறேன். மஞ்சக்குப்பம் ஐயா சொன்னதை முதல் வரியாக வைத்திருக்கிறேன்: 'இது முகம் தெரியாதவரிடம் வாங்கும் கைமாற்று. உங்கள் வீட்டிலிருந்து எது வெளியே போகிறது என்று கோப்புறையைத் திறந்து பாருங்கள்.'

மஞ்சக்குப்பத்திலிருந்து:
வரி சரி. சொல்லுக்கு நான் இன்னும் உடன்படவில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
நானும்தான். ஆயினும் வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும். 'கைமாற்றுப் பகிர்வு' என்பதில் அந்தப் 'ப்' விடுபடாமல் அச்சுப்படியை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அம்மா.