ஹார்வர்ட் தீர்ப்பு: யூத வெறுப்பை ஒழிக்கிறார்களா, அதை வைத்து அரசியல் செய்கிறார்களா?

திண்ணைவாசி

2025 செப்டம்பர் 3இல் பாஸ்டன் கூட்டாட்சி நீதிபதி ஆலிசன் பரோஸ் தந்த தீர்ப்பைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழை. ஹார்வர்டுக்கான 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நிதியை டிரம்ப் அரசு நிறுத்தியது சட்டவிரோதம் என்றார். யூத வெறுப்பை ஒழிக்கிறோம் என்ற பேச்சைப் புகைத்திரை என்றார். அதே தீர்ப்பில், ஹார்வர்டில் யூத வெறுப்பு இருந்தது நிஜம், நிர்வாகம் அதை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். குடியரசுக் கட்சி ஆட்கள் பின்பாதியை மட்டும் படிக்கிறார்கள், ஜனநாயகக் கட்சி ஆட்கள் முன்பாதியை மட்டும். என் வாதம் என்னவென்றால், இந்தச் சண்டையில் யூத மாணவர்களின் பாதுகாப்பு இரண்டு தரப்புக்குமே இரண்டாம்பட்சம்தான்.

வைகைக்கரை

எப்படி அப்படிச் சொல்கிறீர்கள்? 2023 டிசம்பர் 5இல் பிரதிநிதிகள் சபைக் குழு முன்பு ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்ஐடி தலைவர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். யூதர்களை இனப்படுகொலை செய்யச் சொல்வது உங்கள் நடத்தை விதிகளை மீறுமா என்று குடியரசுக் கட்சி உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. சூழலைப் பொறுத்தது என்றார்கள். பென்சில்வேனியாவின் லிஸ் மகில் நாலே நாளில் விலகினார். ஹார்வர்டின் கிளாடின் கே ஜனவரி 2இல் விலகினார் (அவர் மேல் கருத்துத் திருட்டுப் புகாரும் இருந்தது, அது தனிக் கதை). கறுப்பின மாணவர்களைப் பற்றி அதே கேள்வி வந்திருந்தால் இப்படி மென்று விழுங்கியிருப்பார்களா?

நிதியை நிறுத்துவதும் புதிதல்ல. 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி அதற்காகவே இருக்கிறது. தென் மாநிலப் பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்ததில் அந்த மிரட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு இனித்தது இன்றைக்கு ஏன் கசக்கிறது?

புதுக்குடி

வைகைக்கரை அண்ணா, சரி, அந்தச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நிதியை நிறுத்துமுன் விசாரணை நடத்த வேண்டும், காங்கிரஸுக்கு அறிக்கை கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. டிரம்ப் அரசு இவற்றைச் செய்யவில்லை, அதனால்தான் தோற்றது. வெட்டப்பட்டதோ மருத்துவ, அறிவியல் ஆய்வுகளுக்கான பணம். அந்த ஆய்வுக்கூடங்களில் யூத விஞ்ஞானிகளும்தான் வேலை செய்கிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

மஹ்மூத் கலீல் விஷயத்துக்கும் பதில் சொல்லுங்கள். கிரீன் கார்டு உள்ளவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்தில் மாணவர்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடத்தியவர். 2025 மார்ச் 8இல் பிடித்து லூசியானாவுக்குக் கொண்டுபோய் 104 நாள் அடைத்துவைத்தார்கள். முதல் குழந்தை பிறந்தபோது அவர் சிறையில். எந்தக் குற்ற வழக்கும் இல்லை. இவர் இங்கே இருப்பது வெளியுறவுக் கொள்கைக்குக் கேடு என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ எழுதிய கடிதம்தான் ஆதாரம். அதேபோல் கைதான டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவி ருமெய்சா ஓஸ்டர்க் செய்தது மாணவர் பத்திரிகையில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியது.

வைகைக்கரை

ஓஸ்டர்க் கைது தவறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். 2025இல் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரலில், பஸ்கா பண்டிகை இரவு, யூதரான பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷாபிரோவின் வீட்டுக்கு ஒருவன் தீ வைத்தான். குடும்பமே உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. பாலஸ்தீனர்களுக்கு அவர் செய்யப்போவதைத் தடுக்கத்தான் என்றானாம். ஷாபிரோ என்ன இஸ்ரேல் பிரதமரா? மே 21இல் வாஷிங்டன் யூத அருங்காட்சியகத்துக்கு வெளியே இஸ்ரேல் தூதரக ஊழியர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 1இல் கொலராடோவின் போல்டரில், காஸாவில் இருந்த பணயக்கைதிகளுக்காக நடந்த ஊர்வலத்தின் மேல் பெட்ரோல் குண்டு. இத்தனைக்கும் பிறகு சியோனிசத்தை (யூதர்களுக்கென்று தனிநாடு என்ற கொள்கையை) மட்டும்தான் எதிர்க்கிறோம், யூதர்களை அல்ல என்று சொன்னால், அடி வாங்குகிறவன் எப்படி நம்புவான்?

கரிசல்

எல்லாம் ஏய்பாக் (இஸ்ரேல் ஆதரவு அமைப்பு) பணம் ஐயா. அமெரிக்கக் காங்கிரஸையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். வேறு என்ன பேசவேண்டியிருக்கிறது?

திண்ணைவாசி

கரிசல், இங்கே கொஞ்சம் கவனம். ஏய்பாக்கின் தேர்தல் நிதிப்பிரிவு 2024இல் இஸ்ரேலை விமர்சித்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜமால் போமனைத் தோற்கடிக்க 1.4 கோடி டாலருக்கு மேல் கொட்டியது, அதே கட்சியின் கோரி புஷ்ஷுக்கு எதிராக 80 லட்சத்துக்கு மேல். அதைத் தாராளமாகக் கண்டியுங்கள். யூதப் பணம் நாட்டையே வாங்கிவிட்டது என்று தாவினால் அது நூறு வருஷத்துப் பழைய விஷம். கணக்கும் உதைக்கிறது. குடியரசுக் கட்சியின் கென்டக்கி உறுப்பினர் தாமஸ் மாஸிக்கு எதிராகவும் அதே அமைப்பு விளம்பரம் செய்தது. அந்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் அவர் சுலபமாக ஜெயித்தார். குடியரசுக் கட்சியில் இஸ்ரேலுக்கு முதுகெலும்பு சுவிசேஷகக் கிறிஸ்தவர்கள். பாதிரியார் ஜான் ஹேகி 2006இல் தொடங்கிய இஸ்ரேல் ஆதரவு இயக்கத்தின் உறுப்பினர்கள் அமெரிக்க யூதர்களின் மொத்தத் தொகையைவிட அதிகம் என்று அந்த இயக்கமே சொல்லிக்கொள்கிறது. யூத வாக்காளர்களில் பெரும்பான்மையோ ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடுகிறார்கள்.

நாலாம்பிறை

இரண்டு கட்சி, இரண்டு நிலைப்பாடு என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். வாக்கெடுப்புகளைப் பாருங்கள். சியோனிச எதிர்ப்பும் யூத வெறுப்பும் ஒன்றே என்ற தீர்மானம் 2023 டிசம்பரில் 311-14 என்று நிறைவேறியது, ஆனால் 92 ஜனநாயகக் கட்சியினர் வந்திருந்தேன் என்று மட்டும் பதிந்துவிட்டு ஒதுங்கினார்கள். 2024 மே 1இல், யூத வெறுப்பு பற்றிய ஐஎச்ஆர்ஏ (நாஜி இன அழிப்பை நினைவுகூரும் சர்வதேசக் கூட்டமைப்பு) வரையறையைக் கல்வித் துறை பின்பற்ற வேண்டும் என்ற மசோதா 320-91 என்று கீழவையைத் தாண்டியது. எதிர்த்த 91 பேரில் 21 பேர் குடியரசுக் கட்சியினர். ஏசுவைக் கொன்றவர்கள் யூதர்கள் என்று பேசுவதும் அந்த வரையறையில் வருகிறதே என்பது அவர்களில் ஒருவரான மார்ஜரி டெய்லர் கிரீனின் கவலை! ஜனநாயகக் கட்சியின் நியூயார்க் உறுப்பினர் ஜெரி நாட்லர், யூதர், வேறு காரணத்துக்காக எதிர்த்தார். பேச்சுரிமை. அந்த வரையறையை எழுதியதில் முன்னின்ற கென்னத் ஸ்டெர்னே, இதை வளாகங்களில் சட்ட ஆயுதமாக்காதீர்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்.

புதுக்குடி

மக்கள் மனநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை கேலப் கணிப்பில் காஸா நடவடிக்கையை ஆதரித்தவர்கள் குடியரசுக் கட்சியில் 71 சதவீதம், ஜனநாயகக் கட்சியில் 8. அந்த மாதக் கடைசியில், இஸ்ரேலுக்குத் துப்பாக்கி விற்பதைத் தடுக்க பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்துக்கு செனட்டில் 27 வாக்கு. தோற்றதுதான், ஆனால் அவர்கள் தரப்பு 47 பேரில் பாதிக்கு மேல் அது. காஸா சுகாதார அமைச்சகக் கணக்கில் அப்போதே 60,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். இது பொங்கி வந்த கோபம். இதை யூத வெறுப்பு என்று முத்திரை குத்தினால் அந்தக் கட்சியில் பாதிப்பேரைக் குத்த வேண்டும், யூதரான சாண்டர்ஸையும் சேர்த்து.

வலதுசாரிகளின் அக்கறையையும் பார்த்தோம். ஹெரிடேஜ் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பு 2024 அக்டோபர் 7இல் யூத வெறுப்பை ஒழிக்கவென்று எஸ்தர் திட்டத்தை வெளியிட்டது. இலக்கு முழுக்க பாலஸ்தீன ஆதரவு இயக்கங்கள். வலதுசாரி யூத வெறுப்பைப் பற்றி மூச்சே இல்லை. பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 2018இல் 11 பேரைக் கொன்றவன் எந்தப் பக்கம்? எஸ்தர் திட்டம் வந்து ஒரு வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், வலதுசாரி ஊடகக்காரர் டக்கர் கார்ல்சன், ஹிட்லரைப் புகழும் நிக் ஃபுவன்டஸை உட்காரவைத்து இதமாகப் பேட்டி எடுத்தார். ஹெரிடேஜ் தலைவர் கெவின் ராபர்ட்ஸ் கார்ல்சனுக்காக வீடியோ வெளியிட்டார்.

வைகைக்கரை

அந்த வீடியோவுக்காக ராபர்ட்ஸை முதலில் கிழித்தவர்கள் அவர் பக்கத்து ஆட்கள்தான். குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸ் வெளிப்படையாகப் பேசினார். ராபர்ட்ஸ் மன்னிப்பும் கேட்டார். இன்டிஃபாடாவை (பாலஸ்தீனக் கிளர்ச்சியை) உலகமயமாக்கு என்ற கோஷத்தைக் கண்டிக்க ஜனநாயகக் கட்சியின் ஸோரான் மம்தானி எத்தனை பேட்டிகளில் நழுவினார்? கடைசியில், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வேன் என்ற அளவுக்கு வந்தார். நியூயார்க் அவரை மேயராக்கியது. வீட்டைச் சுத்தம் செய்கிற வேலை உங்கள் பக்கத்தில் எங்கே நடக்கிறது?

புதுக்குடி

மம்தானியை வலுவாக ஆதரித்தவர் நியூயார்க் அரசியல்வாதி பிராட் லாண்டர், யூதர். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். சரி, வளாகத்துக்கே வருகிறேன். கொலம்பியா 2025 ஜூலையில் ஐஎச்ஆர்ஏ வரையறையை ஏற்றது, அரசுக்கு 20 கோடி டாலர் கட்டவும் ஒப்புக்கொண்டது. வரலாற்றாசிரியர் ரஷீத் காலிதி தன் வகுப்பையே ரத்து செய்தார். மரியான் ஹிர்ஷ் என்ற பேராசிரியரும் இனி பாடம் நடத்த முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார். நாஜி இன அழிப்பில் தப்பியவர்களின் மகள், அதைப் பற்றியே கற்பிக்கிறவர். இஸ்ரேலின் கொள்கையை நாஜிகளோடு ஒப்பிடுவது அந்த வரையறையின் உதாரணங்களில் ஒன்று. 1948இல் ஐன்ஸ்டீனும் ஹன்னா அரெண்ட்டும் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய கடிதம், பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான பெகினின் கட்சியை நாஜிக் கட்சிகளோடு ஒப்பிடுகிறது. அதை வகுப்பில் வாசித்தால் என்ன ஆகும்?

வைகைக்கரை

ஒன்றும் ஆகாது. சூழலையும் பார்க்க வேண்டும் என்று அந்த வரையறையிலேயே எழுதியிருக்கிறது.

நாலாம்பிறை

அண்ணா, சூழலைப் பொறுத்தது என்று சொன்னதற்காகத்தானே அந்த மூன்று தலைவர்களையும் திட்டினீர்கள்?