பதில்: எடை குறைந்த வார்ப்பு ஈயக் குண்டுக்கு என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம். நாம் எழுதும் சுடுதல் விளையாட்டுக் கையேட்டில், ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த எடை குறைந்த குண்டுக்கு என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> தோட்டா என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அப்புறம் எதற்கு இன்னொரு சொல்?

செங்கோட்டை அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கைத்துப்பாக்கிப் பகுதியில் அந்தச் சொல்லைப் போட்டு வாசித்துப் பாருங்கள், முதல் வரியிலேயே இடறும். "148 கிரெயின் தோட்டா" என்கிறோம் (கிரெயின் ஒரு சின்ன எடை அலகு). அந்த 148 எதன் எடை? குழலை விட்டுப் பறந்துபோகிற ஈயத்துண்டின் எடை மட்டும், அதாவது 9.6 கிராம். பித்தளைக் கூடு, அதன் அடியில் அடித்தால் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் அந்த ஈயத்துண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா, அதன் எடை வேறு. கல்குவாரியில் பாறைக்குள் இறக்குவதையும் தோட்டா என்கிறோம், திருட்டுத்தனமாக ஆற்றில் மீனுக்குப் போடுவதையும் தோட்டா என்கிறோம், இரண்டுமே மருந்து அடைத்த முழுப்பொருள்தான். செய்தித்தாளில் "உடலில் தோட்டா பாய்ந்தது" என்று எழுதுவார்கள், அவர்களுக்கு அது போதும். எந்த எடையைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித்தரும் கையேட்டுக்குப் போதாது.

குண்டு என்று வைக்கலாம் என்று நாகர்கோவில் அக்கா சொல்கிறார். வேறு எந்த நூலாக இருந்தாலும் ஒத்துக்கொள்வேன். இது விளையாட்டுக் கையேடு, அக்கா! "எடை குறைந்த குண்டு" என்று தலைப்புப் போட்டால் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் குண்டு எறிதலுக்குப் போய்விடுவார். பெண்களுக்கு 4 கிலோ, ஆண்களுக்கு 7.26 கிலோ என்று அங்கே ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. "வார்ப்புக் குண்டு" என்றால் இன்னும் மோசம், கோட்டை மேலிருக்கும் பீரங்கிதான் நினைவுக்கு வரும்.

என் வாக்கு உண்டைக்கு. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசும் நாங்களே தினமும் மலையாளத்தில் கேட்கிற சொல், வெடியுண்ட. அதைக் கடன் வாங்கச் சொல்லவில்லை, நம்மிடமே உண்டைவில், அதாவது சின்ன உருண்டையை எறியும் வில், இருந்திருக்கிறது. சிறுபிள்ளை இராமன் கூனியின் முதுகில் அடித்தது அந்த வில்லில்தான். எறியப்பட்டுப் பறக்கிற சின்னப் பொருள் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. உருண்டையாக இல்லாததை உண்டை என்பதா என்று கேட்பீர்கள், குண்டுக்கும் அதே கேள்வி உண்டு. ஒரே ஒரு சங்கடம், இங்கே பையன்கள் பேச்சில் "உண்ட" என்றால் ஒன்றுமில்லை, வெறும் பேச்சு என்று கேலி. சிரித்துவிட்டுப் போகட்டும், உண்டைக்கட்டிக்கும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

சரி, வார்ப்பு. இதில் பெரிய சண்டை இல்லை. பாலக்காட்டுப் பக்கம் வார்ப்பு என்றால் கோயில் பாயசம் வைக்கிற பெரிய பாத்திரம், அல்லது வீட்டுக்குப் போடும் கான்கிரீட் கூரை. கோவைக்காரருக்கு வார்ப்படம் என்றால்தான் ஃபவுண்டரி. ஆனால் வார்ப்புண்டை என்று சேர்த்து எழுதிவிட்டால் யாரும் பாயசத்துக்குப் போகமாட்டார்கள். அதை ஊற்றி எடுக்கும் கருவிக்கு அச்சு என்ற சொல்லே இருக்கட்டும், வெல்லத்துக்கு அச்சு சொல்லும்போது இதற்கு மட்டும் வார்ப்புரு, படிமக்கூடு என்று ஏன் சிரமப்பட வேண்டும்?

ஈயம்தான் எனக்கு உறுத்துகிறது. வீட்டில் ஈயம் பூசுவது, ஈயச்சொம்பில் ரசம் வைப்பது எல்லாம் வெள்ளீயம். உண்டைக்குப் போவது காரீயம், அது நஞ்சு. இரண்டையும் ஈயம் என்று எழுதிவிட்டு, உண்டையின் கலவையில் "காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனி என்ற தனிமமும் சேரும்" என்று விளக்கவே முடியாது. எனவே கையேடு முழுக்கக் காரீயம், வெள்ளீயம் என்று பிரித்துத்தான் எழுத வேண்டும், வெறும் ஈயம் எங்கேயும் வரக்கூடாது.

இனி எடைக்கு வருவோம், உண்மையான சிக்கல் இங்கேதான்.

> மென்னுண்டை என்றால் அழகாக இருக்கிறதே?

ஆந்திராவின் குப்பம் ஊர்த் தம்பி, அழகுதான், ஆனால் "மென்" என்றால் எடை குறைந்ததா, மிருதுவானதா? இந்தத் துறையில் அவை இரண்டு தனித்தனிக் குணம். தனிக் காரீயத்தின் பிரினெல் கடினம் (உலோகம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்) 5 அளவில், பழைய அச்சகங்களில் லைனோடைப் இயந்திரம் உருக்கிய கலவையில் (100க்கு 84 காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம்) அது 22 வரை போகும். ஒரே அச்சில் இரண்டையும் ஊற்றினால் இன்னொரு வேடிக்கை: காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், மற்ற இரண்டுக்கும் 7ஐ ஒட்டித்தான், ஆகவே கடினமான உண்டைதான் எடை குறைந்து வெளியே வரும். அச்சின் மேல் 158 கிரெயின் என்று பொறித்திருந்தாலும் கலவை மாறினால் தராசில் வேறு எண் காட்டும். "மென்னுண்டை" என்று பெயர் வைத்துவிட்டு இந்தப் பத்தியை எழுதிப் பாருங்கள் தம்பி, கடினமான மென்னுண்டை என்று எழுத வேண்டி வரும்.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை, சுடுகிறவருக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயம். இலக்குச் சுடுதலுக்கு ஏன் எடையைக் குறைக்கிறார்கள்? உதை குறையும் என்பதற்காக. உண்டையின் எடையும் வேகமும் சேர்ந்துதான் கையில் உதையாகத் திரும்புகிறது, வேகத்தைக் கூட்டாமல் எடையை மட்டும் குறைத்தால் துப்பாக்கி குறைவாக எழும்பும், குழல் முனையிலிருக்கும் முன்குறி சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்பும். அமெரிக்கர்கள் .45 (குழல் விட்டம், அங்குலத்தில்) பிஸ்டலில் 10 விநாடியில் ஐந்து முறை சுடும் போட்டி நடத்துகிறார்கள், அதற்கு 230 கிரெயின் (14.9 கிராம்) ராணுவ உண்டையை விட்டுவிட்டு 185, 200 என்று இறங்குவது இதனால்தான். நம் நாட்டில் ஓரளவு பழக்கமான .32 அளவில் 98, 100 கிரெயின், ஆறரைக் கிராமுக்குக் கிட்டத்தட்ட. துப்பாக்கி சுடும் வீரர் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய 25 மீட்டர் சென்டர்ஃபயர் (கூட்டின் அடி நடுவில் கேப்பு உள்ள வகை) பிஸ்டல் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரையிலான குழலுக்கு இடம் உண்டு, .32ம் .38ம் அதற்குள் வந்துவிடும்.

எடை குறைந்தால் உண்டை தாளில் எங்கே விழும் என்று புதியவர்களைக் கேட்டால் "மேலே" என்பார்கள். கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் கீழேதான் விழும். கனமான உண்டை குழலுக்குள் இருக்கும்போதே உதை துப்பாக்கியின் மூக்கைத் தூக்கிவிடுகிறது, இலேசானது அதற்குள் கிளம்பிவிடுகிறது. பின்குறியைத் திருகித் திருத்தத் தெரியாதவர் தன் கையைத்தான் குறை சொல்வார். தானியங்கிப் பிஸ்டலில் இன்னொரு தொல்லை, உதை ரொம்பக் குறைந்தால் மேல்சட்டம் முழுதாகப் பின்வாங்காமல் வெற்றுக் கூடு சிக்கிக்கொள்ளும், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியிருக்கும். ரிவால்வரில் இந்தக் கவலை கிடையாது.

மிருதுவும் இதோடு கைகோக்கிறது. இலேசான உண்டை, குறைந்த மருந்து என்று போனால் கலவையும் மிருதுவாக இருப்பதே நல்லது. ரொம்பக் கடினமான உண்டை குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் வரிகளோடு பொருந்தி விரியாது, ஓரமாகச் சூடான வாயு கசிந்து காரீயத்தை உருக்கிக் குழலுக்குள் அப்பிவிடும். கடினம் கூடினால் அப்பாது என்றுதான் பலரும் நம்புகிறார்கள், அளவு பொருந்துவதுதான் முதலில் முக்கியம். அதனால்தான் .38ல் செப்பு உறை போட்டது 0.357 அங்குலம் என்றால் வார்ப்புண்டை 0.358. இப்படி அப்புவதற்கு "ஈயம் பூசுதல்" என்று யாரோ வரைவில் எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள், தெருவில் பாத்திரக்காரர் வந்துவிடுவார். காரீயப்பற்று என்று போடலாம்.

எடைக்குத் திரும்புகிறேன். "குறையெடை" என்றால் ரேஷன் கடைப் புகார். "நொய்யுண்டை" என்று ஒரு யோசனை வந்தது, நொய்மை என்றால் இலேசு என்பது சரியான பழந்தமிழ்தான், ஆனால் கேட்பவருக்கு நொய்யரிசிக் கஞ்சிதான் தெரியும். நான் சொல்வது சிற்றெடை, பேரெடை. சிற்றெடைக் காரீய வார்ப்புண்டை, கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சிற்றெடை உண்டை என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கிரெயினுக்கு "நெல்லெடை" வேண்டாம். பழைய வாய்ப்பாட்டில் நான்கு நெல் ஒரு குன்றிமணி, கிரெயினோ 64.8 மில்லிகிராம், ஏறக்குறைய அரைக் குன்றிமணி. கணக்கு இரண்டு மடங்கு தவறும். கிராமில் எழுதி, பக்கத்தில் கிரெயின் போதும்.

வார்க்கும் முறையைப் படிப்படியாக எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா செய்வதே குற்றம், அதோடு காரீயத் தூசியும் புகையும் வீட்டில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் உருக்குகிற சமாச்சாரம் இல்லை. நம் வாசகர் கிளப்பில் கிடைப்பதை வாங்கிச் சுடுகிறவர், பெட்டி மேல் எழுதியிருப்பது அவருக்குப் புரிந்தால் போதும்.

மூக்கே இல்லாமல் தட்டையாக இருக்கும் உண்டைக்கு அக்கா சொன்ன "தக்கைவெட்டி" (ஆங்கிலத்தில் வாட்கட்டர்) பாக்கி. நாட்டுத்துப்பாக்கியில் மருந்துக்கு மேல் வைத்து இடிப்பதுதான் தக்கை, இது அதை வெட்டுவதில்லை, தாளை வெட்டுகிறது. உருண்டை மூக்கு தாளைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டை உண்டையைவிடச் சின்னதாக, ஓரம் பிசிறாகத் தெரியும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நடுவர் அளவி வைத்துப் பார்ப்பார். தட்டையானது ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக வெட்டிவிடும், தொட்டது கண்ணாலேயே தெரியும், தொட்டால் உள்வட்டத்துப் புள்ளி. ஆகவே தாள்வெட்டி உண்டை. அக்காவுக்குச் சம்மதம் இல்லையென்றால் தட்டைமூக்கு உண்டை என்று விட்டுவிடலாம், ஆனால் மூக்குத் தட்டையான எல்லாமே இப்படி வெட்டாது என்பதால் எனக்கு முதலாவதுதான் பிடிக்கிறது. தம்பி, அங்கே தெலுங்கில் முழுத்தோட்டாவையும் ஈயத்துண்டையும் பிரித்துச் சொல்கிறார்களா, இல்லை இரண்டுக்கும் தூட்டாதானா? கேட்டு எழுதுங்கள்.